வளர்ந்ததில் தின்றது போக

வீட்டுக் கொல்லையில் துவைகல் இருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். பிளீச்சிங் பவுடர் தூவி, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, கல்லின் நிறம் தெரியும்வரை கழுவி விடுகிறோம். பத்து நாள் மழை பெய்கிறது. மறுபடியும் கால் வழுக்குகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான், கோயில் குளத்துப் படியும் அப்படித்தான். ஈரமும் வெயிலும் இருக்கும் இடத்தில் பாசி வரும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. வெப்பமண்டலக் கடலில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் நலமாக இருக்கும் ஒரு பவளத்திட்டின் படத்தைப் பாருங்கள். ஊதா, மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று எல்லா நிறமும் இருக்கும். துவைகல்லில் படிகிற அந்தப் பச்சையை மட்டும் தேடத்தான் வேண்டும். அதே பவளத்தை ஒருவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்கிறார். விலையுயர்ந்த விளக்கு, பம்பு, உப்பு எல்லாம் வாங்கிப் போடுகிறார். நான்காவது மாதம் பாறை முழுக்கப் பச்சை முடி முளைத்துவிடுகிறது. பிடுங்கினால் வருகிறது, சுரண்டினால் இன்னும் அதிகமாக வருகிறது.

அவர் டெஸ்ட் கிட் வாங்கி நீரைச் சோதிக்கிறார். பாசிக்கு உரமாகும் இரண்டு உப்புகள் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இரண்டுக்கும் சோதனைக் குப்பி சுழியம் காட்டுகிறது. உணவே இல்லாத நீரில் பாசி எதைத் தின்று வளர்கிறது? கடலில் ஏன் வளரவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான்.

பாலைவனத்தில் ஒரு சோலை

பவளம் செடியல்ல, கல்லும் அல்ல. சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும் சிறு விலங்கு. இலங்கைத் தமிழர் முருகைக்கல் என்று சொல்வது இந்தச் சுண்ணாம்பு வீட்டைத்தான். இந்த விலங்கின் உடலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி வாழ்கிறது. உள்ளுறைப் பாசி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அது வெயிலில் சர்க்கரை சமைத்து, பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் தன் கழிவை அதற்கு உரமாகத் திருப்பித் தருகிறது.

பாசியை எதிர்த்துப் போராடும் தொட்டிக்காரர் இதை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். குளத்துப் பாசிக்குப் போடும் மருந்தை இங்கே கொட்ட முடியாது. கண்ணில் படும் பாசியைக் கொல்லும் நஞ்சு உள்ளுறைப் பாசியையும் கொன்றால், பவளமும் கூடவே போய்விடும்.

சார்லஸ் டார்வின் 1842-இல் பவளத்திட்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுற்றிலும் சத்தே இல்லாத வெப்பக் கடல், நடுவில் இவ்வளவு உயிர்ப் பெருக்கம். இது எப்படி என்ற கேள்வியை இன்று ‘டார்வின் புதிர்’ என்கிறார்கள். பவளக் கடல் பளிங்குபோல் தெரிவதற்குக் காரணமே அதில் சத்து இல்லாததுதான். சத்து இருந்தால் நுண்ணுயிர்கள் பெருகி நீர் கலங்கிவிடும். பவளத்திட்டு அந்த ஏழ்மையில் வாழக் கற்றுக்கொண்டது. கிடைக்கிற கொஞ்சச் சத்தைக் கையைவிட்டுப் போகாமல் உடலுக்கு உடல் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இனி நம் தொட்டிக்கு வருவோம். அங்கே ஏழ்மை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கால் டீஸ்பூன் தீனியின் கணக்கு

200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே நாலைந்து சிறு மீன்கள். நாளுக்கு ஒரு கிராம் உலர்தீனி போடுகிறோம், கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல். மீன்கள் ஓடிவந்து தின்கின்றன, நமக்கும் மகிழ்ச்சி.

மீன் தீனியின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு கிராமில் 10 மில்லிகிராம். வளர்ந்த மீனின் உடலில் இதில் சிறிதளவே தங்கும். மற்றது கழிவாக நீருக்கு வந்துவிடும். நீரில் அது ஆக்சிஜனோடு சேர்ந்த பாஸ்பேட்டாக இருப்பதால் எடை மூன்று மடங்காகி, 30 மில்லிகிராம் ஆகிறது. இதை 200 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம்.

பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத அளவு. ஆனால் பவளக் கடலின் நீரில் இருக்கும் பாஸ்பேட் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் போலத்தான். கடல் தன் கையிருப்பில் வைத்திருப்பதைப்போல் 15 மடங்கை நாம் ஒரே காலையில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் புறப்படுகிறோம். மறுநாளும் அதே அளவு. ஒரு மாதத்தில் 4.5 மில்லிகிராம்.

“வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறேனே” என்பார் தொட்டிக்காரர். அதையும் கணக்குப் பார்ப்போம். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றுகிறார். ஒரு வாரத்தில் சேரும் பாஸ்பேட் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு நீரோடு ஒரு மில்லிகிராம் வெளியே போக வேண்டுமானால், தொட்டியில் பத்து மில்லிகிராம் இருந்தாக வேண்டும். நீர் மாற்றத்தை மட்டும் நம்பினால் அளவு அங்கே போய்த்தான் நிற்கும், கடலில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்கில். வாரம் பாதி நீரையே மாற்றினாலும் ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இறங்காது.

ஆனால் எந்தத் தொட்டிக்காரரின் டெஸ்ட் கிட்டும் பத்து மில்லிகிராம் காட்டுவதில்லை. பலருக்கு 0.05 காட்டுகிறது, சிலருக்குச் சுழியம். அப்படியானால் மிச்சம் எங்கே போயிற்று?

சுழியம் எப்படி வருகிறது

நாம் போட்ட பாஸ்பேட்டில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு பகுதி பவளத்துக்குப் போகிறது. ஒரு பகுதி பாறையில் ஒட்டிக்கொள்கிறது. மிச்சத்தை அந்தப் பச்சை முடி உறிஞ்சிவிடுகிறது. சோதனைக் குப்பி அளப்பது யாரும் எடுத்துக்கொள்ளாமல் நீரில் மிதக்கும் மீதியைத்தான். சம்பளம் வந்த அன்றே செலவாகிவிடும் வீட்டில் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு வருமானமே இல்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது இந்தச் சோதனை. சுழியத்தைக் காட்ட வைத்ததே பாசிதான்.

பாசிக்குப் பாஸ்பரஸ் அதிகம் தேவையும் இல்லை. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்ற கடலியலாளர் 1934-இல் ஒரு விகிதத்தைக் கண்டறிந்தார். பின்னாளில் திருத்தி நிலைபெற்ற கணக்கின்படி, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கரி அணுக்களும் இருக்கும். அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-இல் கடலடியில் ஒட்டி வளரும் பாசிகளுக்கும் புற்களுக்கும் இதே கணக்கைப் போட்டார்கள். அங்கே ஒரு பாஸ்பரசுக்கு 30 நைட்ரஜன், 550 கரி. ஒரு துளிப் பாஸ்பரசை வைத்துக்கொண்டு ஐந்து மடங்கு உடம்பைக் கட்டும் சிக்கனக் குடும்பம் அது. இந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால், ஒரு கிராம் மீன் தீனியில் இருக்கும் பாஸ்பரஸ் ஐந்து கிராமுக்கும் மேற்பட்ட உலர்ந்த பாசியை உருவாக்கப் போதும். ஈரத்தோடு பார்த்தால் இரண்டு கையும் கொள்ளாது.

பாறையின் பங்கு இன்னும் தந்திரமானது. தொட்டியில் அடுக்கும் பாறை பெரும்பாலும் பழைய பவளச் சுண்ணாம்பு. பாஸ்பேட் அதில் நன்றாக ஒட்டும். நீரில் பாஸ்பேட் கூடும்போது பாறை வாங்கிக்கொள்ளும், குறையும்போது திருப்பிக் கொடுக்கும். எண்ணெய் வைத்திருந்த மண்பானையை எத்தனை தடவை கழுவினாலும் மறுநாள் வெளிப்புறத்தில் எண்ணெய் கசிந்து நிற்குமே, அதுபோலத்தான். இன்றைக்குத் தீனியைக் குறைத்துவிட்டு அடுத்த வாரமே பாசி போய்விட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான். போன வருடத் தீனியும் பாறைக்குள் இருக்கிறது, வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும்.

எல்லாம் பாசி, எல்லாம் ஒன்றல்ல

தொட்டியில் வரும் தொல்லைகளைப் பொதுவாகப் ‘பாசி’ என்றுவிடுகிறோம். வைத்தியம் பார்ப்பதற்கு முன் நோய் எதுவென்று தெரிய வேண்டும்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல்மேல் காபித்தூள் தூவியதுபோல் பழுப்பு படியும். இது டயாட்டம். தன்னைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. நீரில் கரைந்துள்ள சிலிக்கேட்தான் அந்தக் கூட்டுக்கு மூலப்பொருள். அது தீர்ந்தால் தானாகப் போய்விடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சுத்திகரிக்காமல் ஊற்றுகிறவருக்கு மட்டும் தீராது.

செம்மையும் ஊதாவுமாக, ஆடைபோல் விரித்துப் படர்ந்து, தொட்டால் தகடாக உரிந்து வருவது பாசியே அல்ல. அது சயனோபாக்டீரியா, ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதும், நீரோட்டம் தேங்கும் மூலைகளைச் சரிசெய்வதும் இதற்கு முதல் மருந்து.

பாறையில் பச்சைக் கோலிக்குண்டுகள்போல் உட்கார்ந்திருப்பது குமிழ்ப்பாசி. கோலி ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். உடைக்காமல் அடியோடு திருகி எடுக்க வேண்டும்.

மெல்லிய பச்சை முடி நத்தைக்கும் மீனுக்கும் பிடித்த தீனி. தொல்லைதான், ஆனால் வழிக்கு வரும். அதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. ஓர் இழையைக் கிள்ளி வெள்ளைத் தட்டில் நீர்விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு, அதன் இருபுறமும் சீப்புப் பற்கள்போலக் கிளைகள், மொத்தத்தில் ஒரு குட்டிப் பறவையின் இறகு. அப்படித் தெரிந்தால் வந்திருப்பது பிரையாப்சிஸ். நாம் இறகுப்பாசி என்று அழைப்போம். அனுபவமுள்ள தொட்டிக்காரர்கூடப் பெருமூச்சு விடுவது இதைப் பார்த்துத்தான்.

வெட்டினால் பெருகும் இறகு

இறகுப்பாசியின் ஒரு தண்டு, அதன் கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே செல். நம் உடலில் செல்லுக்குச் செல் சுவர்போல் சவ்வு இருக்கிறது. இறகுப்பாசியின் உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. அறை பிரிக்காத நீண்ட கூடத்தில் ஒரு கிராமமே குடியிருப்பதுபோல், ஆயிரக்கணக்கான உட்கருக்களும் பசுங்கணிகங்களும் ஒரே குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட குழாயை அறுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிப்போய்ச் சாக வேண்டும். கொட்டத்தான் செய்கிறது. அதற்குப் பிறகு நடப்பதைக் கொரிய ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட கட்டுரை படிப்படியாக விவரிக்கிறது. கடல்நீரில் சிந்திய பச்சைக் குழம்பு கரைந்து போகாமல் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரள்கிறது. 10 முதல் 20 நிமிடங்களில் ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் ஜவ்வு போன்ற உறை ஒன்று உருவாகிறது. அரை நாளுக்குள் அந்த உறைக்குப் பதில் முறையான செல்சவ்வு வந்துவிடுகிறது. பிறகு சுவர் எழுகிறது. பிழைத்த உருண்டை ஒவ்வொன்றும் வளர்ந்து புது இறகாகிறது. சவ்வே இல்லாமல் சற்று நேரம் உயிரைப் பிடித்து வைத்திருந்து, பிறகு உடம்பைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் உயிர் இது.

இப்போது தொட்டிக்குள் கையை விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பாறையைத் தேய்க்கும் நண்பரை நினைத்துப் பாருங்கள். அவர் களை பறிக்கவில்லை, நாற்று விடுகிறார். பம்பு அந்த நாற்றைத் தொட்டி முழுக்க நட்டுக் கொடுக்கிறது.

சரி, மீன்கள் ஏன் இதைத் தின்பதில்லை? இதற்கு விடை ஹவாய் கடலில் கிடைத்தது. அங்கே இறகுப்பாசியைத் தின்று வாழும் எலிசியா ரூஃபெசென்ஸ் என்ற ஓடில்லாத கடல் நத்தை உண்டு. அதன் உடலிலிருந்து 1993-இல் ககலலைடு என்ற நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பாசியிலும் அதே நச்சு இருந்தது. 2019-இல் இன்னும் ஆழமாகத் தேடியபோது, நஞ்சைத் தயாரிப்பது பாசியும் அல்ல என்று தெரிந்தது. பாசிக்குள் வாழும் ஒரு பாக்டீரியாதான் அந்த வேலையைச் செய்கிறது. பாக்டீரியாவுக்குப் பாசி வீடு தருகிறது, பாசிக்குப் பாக்டீரியா காவல் காக்கிறது. நத்தையோ பாசியைத் தின்று, அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துத் தனக்கே கவசமாக்கிக்கொள்கிறது. மீன்கள் இரண்டையும் விட்டு ஒதுங்கிப் போகின்றன.

ஆக, சுரண்டினால் பெருகும், மேய்பவர்க்குப் பிடிக்காது. இறகுப்பாசியின் பிடிவாதம் இவ்வளவுதான். கடலில் மற்ற பாசிகளின் கதை எப்படி என்று பார்க்க ஜமைக்கா போக வேண்டும்.

ஜமைக்காவில் மேய்ச்சல் நின்ற வருடம்

கரீபியக் கடலில் நீண்ட கருமுட்களோடு டயடெமா என்ற கடல் முள்ளெலி உண்டு. பகலில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்துவிட்டு இரவில் வெளியே வந்து பாறையைச் சுரண்டித் தின்னும். பாசியைத் தின்னும் மீன்களை ஜமைக்காக் கரையில் வெகுகாலமாகவே பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். பவளத்திட்டைச் சுத்தமாக வைத்திருந்த கடைசிப் பெரிய மேய்ச்சல்காரர் இந்த முள்ளெலிதான்.

1983 ஜனவரியில், பனாமா கால்வாய் கரீபியக் கடலில் திறக்கும் இடத்துக்கு அருகே முள்ளெலிகள் முட்களை உதிர்த்துச் சாகத் தொடங்கின. நோய் நீரோட்டத்தோடு பயணம் செய்தது. ஓராண்டு சுமாரில் கரீபியக் கடல் முழுக்கப் பரவி, போன இடமெல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கொன்றது.

டெர்ரி ஹியூஸ் என்ற ஆய்வாளர் ஜமைக்காவின் கணக்கை 1994-இல் வெளியிட்டார். 1970-களின் பிற்பகுதியில் அங்கே கடலடியில் பாதிக்கும் மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே. அதே காலத்தில் பெரும்பாசிகளின் பரப்பு 4 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காட்டுக்கு ஏறியது. 1980-இல் வீசிய பெரும்புயலும் பவளங்களை உடைத்துப் போட்டிருந்தது. கரையிலிருந்து வரும் கழிவுநீருக்கும் பங்கு உண்டு என்று வாதிட்ட ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். என்றாலும், புயலடித்தபின் ஓரளவு தேறிவந்த பவளத்திட்டு முள்ளெலிகள் செத்தபின் எழவே இல்லை. 2022-இல் அதே முள்ளெலிகளுக்கு மறுபடியும் கொள்ளைநோய் வந்தது. இம்முறை நோய்க்கிருமி ஓர் ஒருசெல் உயிர் என்று அடுத்த வருடமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இப்போது கையில் இருக்கிறது. கடலில் பாசி வளராமல் இல்லை. ஒவ்வொரு நாளும் வளர்கிறது, வளர்ந்த அன்றே வயிற்றுக்குள் போய்விடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது வளர்ந்ததில் தின்றது போக மிஞ்சிய பாக்கி. நலமான பவளத்திட்டில் அந்தப் பாக்கி ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதைப் பார்த்து நாம் ‘பாசியே இல்லை’ என்கிறோம். ஆடு மேய்ந்த தரையைப் பார்த்து இங்கே புல்லே முளைக்காது என்று சொல்வதற்குச் சமம் அது.

யார் மேய்வார் என்பதை ஊகிப்பதும் எளிதல்ல. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆர்ஃபியஸ் தீவருகே சில இடங்களில் கூண்டு போட்டு மீன்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள். உள்ளே சர்காசம் என்ற பாசி ஆளுயரக் காடாகும்வரை விட்டு, பிறகு கூண்டை எடுத்தார்கள். அந்தப் பகுதியில் பாசி தின்னும் மீன்கள் 43 இனங்கள். அவையெல்லாம் ஓரமாகக் கொறித்ததோடு சரி. காட்டை அழித்தது பிளாட்டக்ஸ் என்ற தட்டைமீன். ஆங்கிலத்தில் அதற்கு வவ்வால் பெயர், ஆனால் நம் சந்தையில் விற்கும் வவ்வால் மீன் வேறு. புழு, பூச்சி தின்பது என்றே அதுவரை அதை நினைத்திருந்தார்கள். 2006-இல் வெளியான இந்த முடிவு ஆய்வு செய்தவர்களுக்கே எதிர்பாராததாக இருந்தது.

கூடத்துத் தொட்டியில் என்ன செய்வது?

இப்போது நம் 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு திட்டம் போடலாம். பாக்கியைக் குறைக்க இரண்டே வழிதான். வளர்ச்சியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேய்ச்சலைக் கூட்ட வேண்டும்.

வளர்ச்சியைக் குறைப்பது வரவிலிருந்து தொடங்குகிறது. உறைந்த தீனியை உருக்கி, வடிகட்டி, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடலாம். தொட்டிக்கு ஊற்றும் நீர் ஆர்.ஓ. நீராக இருக்க வேண்டும். அடுத்தது ஸ்கிம்மர். நுரைவாங்கி என்று தமிழில் சொல்லலாம். நீர்க்குழாய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளை விடும் கருவி இது. கழிவுப் பொருள்கள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி, மேலே உள்ள கோப்பையில் ஆறிப்போன டீ நிறத்தில் வடியும். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவருக்கு இது என்ன வேலை செய்கிறது என்று விளக்கத் தேவையில்லை. இரும்பு ஆக்சைடு மணிகள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வழி பாசியை வைத்தே பாசியை அடக்குவது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி, பாசித் திரைகளை வளர்த்து அறுவடை செய்வதன் மூலம் நீரைத் தூய்மையாக்கும் முறைக்கு 1982-இல் காப்புரிமை பெற்றார். வீட்டுத் தொட்டியில் இதன் எளிய வடிவம், கீழே தனி அறையில் விளக்குப் போட்டுக் கீட்டோமார்ஃபா என்ற நார்ப்பாசியை வளர்ப்பது. பச்சை நூல்கண்டுபோல் இருக்கும், பாறையில் ஒட்டாது. இரண்டு வாரத்துக்கொரு தடவை பாதியைக் கையால் அள்ளி வெளியே எடுத்தால், அதற்குள் சேர்ந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போய்விடும். சத்து இருக்கும்வரை எங்கேயாவது ஒரு பாசி வளரத்தான் போகிறது. எந்தப் பாசி, எந்த இடத்தில் என்பதை மட்டும் நாம் முடிவு செய்கிறோம்.

மேய்ச்சலுக்கு டிரோக்கஸ் நத்தை நல்ல வேலையாள். மல்லாந்து விழுந்தாலும் தானே புரண்டு எழுந்துவிடும். அஸ்ட்ரேயா என்ற நத்தைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, விழுந்தால் நாம்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும். சிறிய முள்ளெலி ஒன்று ஒரு பாறையை ஓரிரவில் வெள்ளையாக்கிவிடும், கூடவே ஒட்டாமல் வைத்த பவளத் துண்டையும் உருட்டிவிட்டுப் போகும். பெரிய தொட்டிகளில் நரிமுக மீன் விடுவார்கள். இராமநாதபுரம் சந்தையில் ஓரா என்று கேட்டு வாங்குகிறோமே, அதே குடும்பம். 200 லிட்டர் அதற்குப் போதாது.

முடிப்பாசிக்கு இவ்வளவு போதும். பொறுமை மட்டும் மூன்று நான்கு மாதத்துக்கு வேண்டும். இறகுப்பாசியாக இருந்தால் பாறையைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, வாளியில் உள்ள உப்புநீரில் வைத்துப் பிடுங்கி, வேறு உப்புநீரில் அலசிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். வாளி நீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

அதற்கும் அடங்காதபோது கடைசி ஆயுதமாக ஃபுளூகோனசோல் என்ற மாத்திரையைத் தொட்டிக்காரர்கள் 2010-களின் பின்பாதியில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மனிதர்களின் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து அது. பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப்பொருள் உருவாகாமல் தடுக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் போலக் கலந்தால் இரண்டு மூன்று வாரத்தில் இறகு வெளுத்து உதிர்கிறது, பவளம் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது என்பது அவர்கள் அனுபவம். பலன் இருக்கிறது. ஆனால் செத்த பாசியில் இருந்த சத்து மறுபடி நீருக்குத்தான் வரும். வரவும் மேய்ச்சலும் சரியாகாத தொட்டியில் இறகு போன இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். மருந்து கலந்த நீரைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டே இருந்தால், மருந்துக்கு மசியாத பூஞ்சைகள் வளர நாமே வழிசெய்தவர்கள் ஆவோம்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. பாசி மேல் உள்ள கோபத்தில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் துடைத்து எடுத்துவிட்ட தொட்டிகளில், டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்பு நிறக் கோழை வந்து படர்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இதில் சில வகைகள் நத்தைகளைக் கொல்லும் நஞ்சுடையவை. பவளமும் பட்டினியில் வெளுக்கும். நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் வற்றிய நீரில் பவளம் எளிதாக வெளுக்கும் என்பதை 2013-இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். குப்பி சுழியம் காட்டட்டும் என்று ஆசைப்படக் கூடாது. கொஞ்சம் இருக்க வேண்டும், அது ஏறி இறங்காமல் இருக்க வேண்டும்.

அள்ளிய பாசியை எங்கே போடுவது?

தொட்டியிலிருந்து எடுத்த பாசியைப் பலர் சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டுகிறார்கள். கடற்கரை ஊர்களில் கடலிலேயே கொட்டுபவர்களும் உண்டு.

1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலடியில் ஒரு சதுர மீட்டர் அளவில் காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசித் திட்டு தென்பட்டது. மீன்காட்சித் தொட்டிகளில் அழகுக்காக வளர்த்த பாசி. இதுவும் இறகுப்பாசியைப்போல் உள்ளே சுவரில்லாத ஒற்றைச் செல். முறிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச்செடியாகும். 2000 வாக்கில் அது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா, துனிசியா கரைகளுக்கும் போய்விட்டது. அந்த ஆண்டே கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் உப்பங்கழியிலும் முளைத்தது. அங்கே உடனே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று.

நம் மன்னார் வளைகுடாவுக்கும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. அது தொட்டியிலிருந்து வரவில்லை, வளர்ப்புக் கயிற்றிலிருந்து வந்தது. மண்டபம் பகுதியில் வருமானத்துக்காக வளர்க்கத் தொடங்கிய கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவருகே கிளைப்பவளங்களின் மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் அறிவித்தார்கள். கையால் பிய்த்து எடுத்தார்கள். பவளத்தில் ஒட்டி மிஞ்சிய துண்டிலிருந்து மறுபடி வளர்ந்தது. அந்தப் பவளங்கள் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை, கடலிலிருந்து ஒரு துண்டை ஒடித்து வந்து தொட்டியில் வைத்தாலும் குற்றம். பாசிக்கு எந்தச் சட்டமும் தெரியாது.

ஆகவே அள்ளிய பாசியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். பழைய செய்தித்தாளில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் விடுங்கள். தொட்டால் நொறுங்கும் சருகான பிறகு குப்பையில் போடுங்கள். அதுவரை ஒரு துண்டும் ஓடும் நீரைத் தொடக் கூடாது.